டிஃபன்ஸ் தேறியதற்குப் பொன்னாடை யாருக்கு?

ஆலங்குடி வட்டம்,
சனிக்கிழமை இரவு.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை, மின்னல் கால்பந்துக் கழகத்தின் கௌரவத் தலைவர், திருப்பூர் பனியன் தொழிலதிபர் செல்லமுத்து அவர்களுக்கு மச்சான் மலையாண்டி எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் மூட்டுவலி, உங்கள் அக்கா மூவரும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் தங்கள் குடும்பமும் தையல் மிஷின்களும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்க ஐயனார் அருள் புரியட்டும். போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் சொல்கிறாள். கடிதத்தில் அவளுக்கு அந்த வசதி இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நம் ஊர்த் திருவிழா மேடையில், கழகத்தின் டிஃபன்ஸை இந்த வருஷம் தூக்கி நிறுத்தியவருக்குத் தங்கள் பொற்கரத்தால் பொன்னாடை போர்த்தப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ரொம்பச் சந்தோஷம். அந்தப் பொன்னாடை புதுக் கோச் பிரவீன்குமாருக்கு என்றும் கேள்விப்பட்டேன். அதுவும் சந்தோஷம்தான். நேற்றிலிருந்து சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி பிரவீன்குமாரைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல மாட்டேன். தங்கமான பையன். திருச்சியில் ஏதோ பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்திருக்கிறார். வந்த அன்றே மைதானம் முழுக்க ஆரஞ்சு கலரில் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்துவிட்டார். ரோடு போடுகிறார்கள் என்று நினைத்து வேன்காரர் ஒருவர் சுற்றிக்கொண்டு போனார். பையன்கள் அந்தக் கூம்புகளுக்கு நடுவில் தினமும் வளைந்து வளைந்து ஓடுகிறார்கள். எந்த மேட்சில் எதிர்க் கட்சிக்காரன் கூம்பு மாதிரி அசையாமல் நிற்கப் போகிறான் என்று நான் கேட்டதற்கு, அது காலுக்கான பயிற்சி என்றார். வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயரும் சொன்னார். பெயர் பெரிதாக இருந்ததால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

செயலாளர் கண்ணுசாமி என்ன சொல்கிறார் தெரியுமா? டிஃபன்ஸ் தேறியதற்குத் தான் வாங்கிக் கொடுத்த ஜெர்சிதான் காரணமாம். முன்பெல்லாம் ஆளுக்கொரு கலரில் பனியன் போட்டு ஆடியதால் நம்மாளுக்கு நம்மாளே தெரியாமல் போய்விட்டதாம். கோயில் பூசாரியைக் கேட்டால், கோல் கம்பத்தில் எலுமிச்சம்பழம் கட்டியது அவர்தானாம். இவர்கள் எல்லோருக்கும் போர்த்துவதாக இருந்தால் தாங்கள் பொன்னாடையைப் பீஸ் பீஸாக வாங்காமல் துணிச் சுருளாகவே வாங்குவது நல்லது. தங்கள் தொழிலில் அது தெரியாததல்ல.

இதில் உண்மையாகவே கொஞ்சம் நியாயம் உள்ளவர் என்று பார்த்தால் நம் டிஃபன்ஸில் நடுவில் நிற்கிற ஸ்டாப்பர் அஜித்தின் அம்மா செல்வராணி ஒருத்திதான். கதிரடிக்கிற ஊர்க் களத்தின் தரை பெயர்ந்து கிடப்பதால் இந்த வருஷம் கடலையை எல்லோரும் மைதானத்தில்தான் காயப் போட்டார்கள். கிழக்கு கோல் கம்பத்துக்குப் பின்னால் செல்வராணி வீட்டுக் கடலை. வலை கிழிந்து இரண்டு வருஷம் ஆகிறது. கோல் விழுந்தால் பந்து நேரே கடலைக்குள் போகும், கோல் போட்டவன் கையைத் தூக்கிக்கொண்டு பூட்ஸோடு பின்னாலேயே போவான். ஒரு நாள் அப்படி நடந்ததும் செல்வராணி கம்போடு மைதானத்துக்கு நடுவில் வந்து நின்றாள். கோல் போட்டவனை ஒன்றும் சொல்லவில்லை.

"விட்டவன் எவன்டா? இனிமே எவன் பந்த உள்ள விட்டாலும் அவன் வீட்டு அடுப்புல நான் வந்து தண்ணி ஊத்துவேன். மொத வீடு நம்ம வீடுதான்" என்று மகனைப் பார்த்துச் சொன்னாள்.

அன்றிலிருந்து அஜித்தைத் தாண்டி ஒரு ஈ போகவில்லை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினால் தப்பிக்கலாம் என்று பார்த்தால், மேற்கே இன்னாசி வீட்டு எள்ளு. இன்னாசியும் நம் டிஃபன்ஸ்தான், லெஃப்ட் பேக். கடலையையாவது கூட்டி அள்ளலாம், எள்ளு மண்ணில் சிந்தினால் யார் பொறுக்குவது? அவன் அம்மாவும் கம்போடு வந்துவிட்டாள். அரை இறுதி வரை எல்லா மேட்சும் நம் மைதானத்தில் நடந்தது தங்களுக்கே தெரியும். பேப்பரில் இதை 'பிரவீன்குமாரின் நவீன வியூகம்' என்று போட்டிருந்தார்கள்.

ஆனாலும் செல்வராணிக்குப் பொன்னாடை போர்த்த முடியாது. அவளுக்கு எது கோல், எது கார்னர் என்றே தெரியாது. கூப்பிட்டாலும் கடலை வியாபாரி வரும் நேரம் என்று வரமாட்டாள். ஆகவே நியாயமாக மிச்சம் இருப்பது அடியேன்.

மாப்பிள்ளை, சிரிக்காமல் படிக்க வேண்டும். நான் கவர்மெண்ட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், எனக்குக் கால்பந்து என்ன தெரியும் என்று ஊரில் பேசுகிறார்கள். விசில் யாரிடம் இருந்தது? என்னிடம்தான் இருந்தது. கழகம் ஆரம்பித்தபோது சொந்தமாக விசில் வைத்திருந்த ஒரே ஆள் நான், அதனால்தானே என்னைக் கோச் ஆக்கினீர்கள். பதினோரு வருஷம் ஒரு பைசா வாங்காமல் ஊதினேன். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் கிளம்ப வேண்டும் என்று பையன்களுக்கு ஒழுக்கம் கற்றுக் கொடுத்தேன். போன வருஷம் கறம்பக்குடியோடு ஒன்பது கோல் வாங்கியதைத்தான் எல்லோரும் சொல்லிக் காட்டுகிறார்கள். அன்று ஓரத்தில் ஊதல் விற்றுக்கொண்டிருந்தவன் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஊதல்தான் ஊதினான், நம் டிஃபன்ஸ் அப்படியே நின்றுவிட்டது. இரண்டாக ஊதியிருந்தால் கதையே வேறு. படியில் நிற்காதே உள்ளே போ, உள்ளே போ என்று நான் வாய்ப் பழக்கத்தில் கத்தியதில் அத்தனை பேரும் கோல் கம்பத்துக்குள் போய் நின்றுகொண்டார்கள் என்பதும் நிஜம்தான். அதற்கும் நான் பொறுப்பா? சொன்ன சொல்லைக் கேட்கிற பையன்களை உருவாக்கியிருக்கிறேன் என்றுதானே அதற்கு அர்த்தம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நான் இருந்த காலத்தில் நம் டிஃபன்ஸ் வாங்காத வகைக் கோல் கிடையாது. தலையால் வாங்கினார்கள், காலிடுக்கில் வாங்கினார்கள், தாங்களே போட்டுக்கொண்டார்கள். இத்தனை அனுபவம் இந்த ஜில்லாவில் எந்த டிஃபன்ஸுக்கு இருக்கிறது? அனுபவத்தைக் கொடுத்தவன் ஒருவன், பெயரைத் தட்டிக்கொண்டு போகிறவன் ஒருவன்.

கடைசியாக ஒரு கணக்குச் சொல்கிறேன். கோச்சை மாற்றியதால்தான் டிஃபன்ஸ் தேறியது என்று ஊரே சொல்கிறது. மாற்றம் என்றால் ஒருவர் வர வேண்டும், ஒருவர் போக வேண்டும். வந்தவருக்குப் பொன்னாடை என்றால் போனவருக்குப் பாதியாவது உண்டா இல்லையா? இதை நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது உங்கள் அக்கா அடுப்படியிலிருந்து, "அது வாஸ்தவந்தான். நீங்க அந்த டீமுக்குச் செஞ்ச நல்லது அது ஒண்ணுதான்" என்றாள். அவளே ஒத்துக்கொண்ட பிறகு வேறு சாட்சி எதற்கு?

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும் மாப்பிள்ளை. என்னை நீக்கியதை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால் நான் அதில் இல்லை. சாயங்காலம் வேறொருவர் ஊதுகிற சத்தம் காற்றில் வீடு வரை கேட்கிறது. அப்போதெல்லாம் எனக்கு நிஜமாகவே அழுகை வருகிறது. பொன்னாடை பெரிய விஷயமில்லை, என் பெயரை மேடையில் மைக்கில் ஒரு தடவை சொன்னால் போதும், ஊர் கேட்க வேண்டும்.

எனவே வெள்ளிக்கிழமை பொன்னாடை எனக்கே என்றும், ஃப்ளெக்ஸில் என் படம் பிரவீன்குமார் படத்துக்கு மேலே என்றும் தாங்கள் கடிதம் கண்டதும் கண்ணுசாமியிடம் சொல்லிவிட வேண்டும். 'இந்த டிஃபன்ஸ் மலையாண்டியின் படைப்பு' என்று படத்துக்குக் கீழே போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நாளைக்குக் கறம்பக்குடியில் ஃபைனல். கேலரி, புது வலை, துடைத்துவைத்த மாதிரி மைதானம் என்று சொல்கிறார்கள். அங்கே நம் டிஃபன்ஸைப் பார்க்கிறவர்கள் இதை வளர்த்தவன் யார் என்று கட்டாயம் கேட்பார்கள்.

தங்கள் பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாக வரவும், பனியன் ஆர்டர்கள் குவியவும், தங்கள் மனசில் எனக்குச் சாதகமான முடிவு தோன்றவும் ஐயனாரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மச்சான்,
மலையாண்டி,
நிறுவனப் பயிற்சியாளர்.

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை போஸ்ட் ஆபீஸ் இல்லாததால் கடிதம் வீட்டிலேயே இருந்தது. உறையைப் பிரித்துத் திங்கட்கிழமை இதை எழுதுகிறேன். ஃபைனலில் எட்டு கோல். நாம் போட்டதில்லை, வாங்கியது. அஜித்தும் இன்னாசியும் பந்து போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்களாம். காலையில் கண்ணுசாமி, பூசாரி, பிரவீன்குமார் மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு வருஷமாக என் வாசல்படி ஏறாதவர்கள். பிரவீன்குமார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், நீங்க போட்ட பேஸ் சார் இது. நான் என்ன செஞ்சாலும் ஒரு சீசன்ல மாத்த முடியுமா? முழுக் கிரெடிட்டும் ஒங்களுக்குத்தான்" என்றார். கண்ணுசாமி அதை மைக்கில் சொல்லியே தீர்வேன் என்கிறார். ஃப்ளெக்ஸ் கடைக்கு என் படம் போய்விட்டது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். நான் சாதாரண கண்டக்டர், அந்தப் பையன்களை ரோட்டில் பார்த்தால்கூட எனக்கு அடையாளம் தெரியாது. பொன்னாடையைத் தம்பி பிரவீன்குமாருக்கே போர்த்துங்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அக்கா மட்டும்தான் அதை நான் வாங்கியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "நாளைக்கு வெளிய தெருவுல போறப்ப மூஞ்சிய மூடிக்க ஆகும்ல" என்கிறாள்.