ஊருக்காக அழுகிறவர்

நான் ஒரு மனிதனைச் சாகடித்திருக்கிறேன். இரகசியமாக அல்ல. நகரசபை மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை முற்பகல், அறுபது பேர் பார்த்திருக்க, கையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு. ஆயுதம் என்று சொல்வதானால் என்னுடைய ஆங்கிலம்தான்.

அப்போது நான் ஜெர்மனியின் மேற்குப் பக்கத்தில், மலைமேல் இருக்கும் ஒரு சிற்றூரின் நகரசபையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பனிக்காலத்தில் வீதிக்கு உப்புத் தூவுவது, மற்றக் காலங்களில் மரம் தறிப்பது, பூங்காவில் உட்காரும் வாங்குகளுக்கு வர்ணம் பூசுவது. தற்காலிக ஒப்பந்தம். அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதற்கு மேயர் கையெழுத்து வைக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு இங்கிலாந்தில் ஒரு சோடி ஊர் இருக்கிறது. அதுவும் மலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன ஊர்தான். சில வருடங்களுக்கு ஒருமுறை இரண்டு ஊர்க்காரரும் ஒருவரையொருவர் போய்ப் பார்த்து, நட்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்வார்கள். அந்த முறை அவர்கள் வருவதற்கு இரண்டு கிழமை இருக்கும்போது, வழக்கமாக மொழிபெயர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை சைக்கிளால் விழுந்து காலை முறித்துக்கொண்டார். மேயர் நேரே நாங்கள் வேலை செய்யும் கொட்டிலுக்கே வந்துவிட்டார். என் விண்ணப்பத்தில் ‘ஆங்கிலம்: சரளம்’ என்று இருப்பதைப் பார்த்தாராம். உதவி செய்வாயா என்று கேட்டார்.

(விண்ணப்பத்தில் அந்த ஒரு வரிதான் பொய். யாழ்ப்பாணத்தில் ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலத்துக்கு எனக்குச் சாதாரண சித்தி. அதுகூட, முன் மேசைக்காரனின் எழுத்துக் கொஞ்சம் பெரிது என்பதால்.)

‘நிச்சயமாக’ என்று சொல்லிவிட்டேன். சொன்ன கணத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மனைவி வதனி புட்டுக்கு மாக் குழைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏலாது எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் முடிஞ்சுது. ஏனப்பா உங்கட வாயில அது மட்டும் வருகுதில்லை?”

“நிரந்தர வேலை வதனி.”

“வாயைத் திறந்தால் நிரந்தரமா வீட்டிலதான் இருப்பியள்.”

இங்கிலாந்துக்காரர் தங்கள் ஊரின் வரலாற்றை ஒரு சிறு புத்தகமாக அனுப்பியிருந்தார்கள். அகராதியும் கையுமாக அதைப் பிடித்துக்கொண்டு பேருந்திலும் கழிப்பறையிலும் படித்தேன். மலை உச்சியில் தூண்கள்மேல் நிற்கும் சந்தைக் கட்டடம். யாரோ ஒரு அரசன் சந்தை வைக்கக் கொடுத்த அனுமதி. ஆட்டுக் கம்பளி வியாபாரம். மலை ஏற மாட்டேன் என்று அடிவாரத்தோடு திரும்பிப் போன ரயில். உள்நாட்டுப் போருக்கு நாலு வரிதான் கொடுத்திருந்தார்கள். பொதுக் கழிப்பறையை மூடக்கூடாது என்று ஊர்மக்கள் நடத்திய போராட்டத்துக்கு மூன்று பக்கம், படங்களுடன். முழுவதையும் படித்தேன், ஒரு பக்கத்தைத் தவிர. அதன் தலைப்பில் ‘கிறையர்’ என்று ஒரு சொல். ‘கிறை’ என்றால் அழுவது. இரண்டாம் வகுப்புச் சொல். கிறையர் என்றால் அழுகிறவர். இதற்கென்ன அகராதி என்று தாண்டிப் போய்விட்டேன்.

சனிக்கிழமை வந்தது. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மூச்சை இழுத்துப் பிடித்துப் பூட்டினேன். விழா தொடங்குவதற்குள் நாலு தரம் கழிப்பறைக்குப் போய் வந்தேன். மண்டபத்தில் நகரசபை உறுப்பினர்கள், தொப்பியும் சீருடையுமாகத் தீயணைப்புப் படையினர், முதியவர்களின் பாடகர் குழு. முன்வரிசையில், காலையில் ரயிலில் வந்து சேர்ந்த இங்கிலாந்துக்காரர் ஏழு பேர். அவர்களுடைய மேயர் எழுபதை எட்டிய ஒரு அம்மா. கழுத்தில் யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடியைத் தோற்கடிக்கும் ஒரு பதவிச் சங்கிலி. அவர் ஒலிவாங்கியைத் தொடவே மறுத்து, மெல்லிய குரலில் என் காதோரமாகத்தான் பேசினார். மண்டபத்தில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் அவர்களுக்குக் கேட்டதெல்லாம் என் ஜெர்மன் மட்டுமே.

முதல் ஐந்து நிமிடம் தப்பினேன். பிறகு அவர், எங்கள் ஊர் கம்பளியால் உருவான ஊர் என்றார். நான் அதை, எங்கள் ஊர் கம்பளியின்மேல் கட்டப்பட்டிருக்கிறது என்று அறிவித்தேன். எங்கள் நகரசபையின் கட்டடப் பொறுப்பாளர் உடனே கையை உயர்த்தினார். அத்திவாரம் பற்றிய பேச்சென்றால் அவர் விடமாட்டார். அப்படியானால் ஊர் கீழே இறங்கவில்லையா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்துக் கேட்டதை அந்த அம்மா தன் போக்கில் புரிந்துகொண்டு, இறங்கித்தான் போனது, கம்பளி விலை விழுந்த பிறகு பாதி வீடுகள் வெறுமையாகிவிட்டன என்றார். ஊர் இறங்கிவிட்டது, பாதி வீடுகளில் ஆளில்லை என்றேன். மண்டபம் முழுக்க ஒரு கவலைப் பெருமூச்சு. பொறுப்பாளர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

 எப்படியாவது முடிந்தால் போதும் என்று ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றேன். அப்போதுதான் அந்த அம்மா சிரித்த முகத்தோடு சொன்னார்: இன்று காலை கொலோன் ரயில் நிலையத்தில் எங்கள் கிறையரை ‘லொஸ்ட்’ பண்ணிவிட்டோம். பாவம், கோப்பி வாங்கப் போனவர். அவரில்லாமலேயே ரயில் ஏற வேண்டியதாயிற்று.

‘லொஸ்ட்’ என்றால் இழந்துவிட்டோம்.  ஊருக்காக அழுவதற்கென்றே ஒருவரை வைத்திருந்திருக்கிறார்கள். அவரே போய்விட்டார். இனி அவருக்காக அழ யார் இருக்கிறார்கள்? இவ்வளவு துக்கத்திலும் இந்த அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறாரே என்று நினைத்தபோது, அந்த இனத்தின்மேல் எனக்கு முதல்தடவையாக ஒரு மரியாதை வந்தது.

ஒலிவாங்கியில் சொன்னேன்: “ஊருக்காக அழுகிறவர் இன்று காலை கொலோன் ரயில் நிலையத்தில் காலமானார்.”

ஆனால் உடலை விட்டுவிட்டா ரயில் ஏறினார்கள்? விருந்தாளிகளை யாரும் குறைவாக நினைத்துவிடக்கூடாதே என்று நானாகவே இரண்டு வரி சேர்த்தேன். மற்ற அலுவல்களை அதிகாரிகள் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊரைப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய கடைசி ஆசை. (அந்த இரண்டாவது வரிக்கு என்னிடம் இன்றுவரை விளக்கம் இல்லை.)

மேயர் எழுந்தார். மண்டபமே எழுந்தது. தீயணைப்புப் படையினர் தொப்பியைக் கழற்றினார்கள். இங்கிலாந்துக்காரரும் இது இந்த ஊர் வழக்கமாக்கும் என்று எழுந்து நின்றார்கள். பாடகர் குழு, வழக்கமாகச் செத்தவீட்டில் பாடும் பாட்டைத் தொடங்கியது. யாருக்காகப் பாடுகிறார்கள் என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். உங்கள் கிறையருக்காக என்றேன். எவ்வளவு அன்பான மனிதர்கள் என்று அவருடைய கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது.

இரண்டாவது அடியின் நடுவில் மணிச்சத்தம் கேட்டது.

பின்கதவு திறந்தது. சிவப்பு நிற நீளக் கோட்டும் மும்முனைத் தொப்பியுமாக, கையில் பெரிய வெண்கல மணியோடு ஒரு பருத்த மனிதர் உள்ளே வந்தார். ஊர்ச் செய்திகளைச் சந்தியில் நின்று கூவி அறிவிக்கும் பறையறைவோனுடையதைப் போன்ற அவர்களுடைய பரம்பரை உத்தியோகம்தான் கிறையர் என்பதையும், அவர் பெயர் ஜெஃப்ரி என்பதையும் நான் பிறகுதான் அறிந்தேன். அடுத்த ரயிலைப் பிடித்து வந்தவர், எல்லோரும் எழுந்து நிற்பதைத் தனக்கான வரவேற்பு என்று எண்ணிக்கொண்டு, கூரை அதிர “ஓயே! ஓயே!” என்று கூவினார். “எங்கள் கிறையர்!” என்று அந்த அம்மா கைதட்டினார்.

பாடகர் குழுவில் ஒரு அம்மா பயந்துபோய் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். முதலுதவிப் பெட்டியோடு ஒரு தீயணைப்பு வீரர் யாரிடம் ஓடுவது என்று தெரியாமல் நடுவில் நின்றார். மேயர் என் பக்கம் குனிந்தார்.

“யார் இவர்?”

“அழுகிறவர்.”

“காலையில் இறந்தவரா?”

“ஆம்.”

மேயர் அந்த மனிதரை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு, “இப்போது சுகமாக இருக்கிறார் போலிருக்கிறது” என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஒலிவாங்கியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அந்த ஆள் சாகவில்லை, கொலோனில் தொலைந்துதான் போனார். அவர் அழுகிறவர் இல்லை, கூவுகிறவர். ஊரும் கீழே இறங்கவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியாது. கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் இரண்டு கிழமையில் முதல்தடவையாகக் கால்கள் ஆடாமல் நின்றன.

யாரும் சிரிக்கவில்லை. ஜெர்மன் தெரிந்த ஒரு இங்கிலாந்துப் பெரியவர், இவ்வளவு நேரமும் காது கேட்கும் கருவியை அணைத்து வைத்திருந்தவராம், ஜெஃப்ரியைக் கண்டதும் அதைப் போட்டுக்கொண்டு, நான் சொன்னதை அவருக்கு விளங்கப்படுத்தினார். ஜெஃப்ரி மணியைக் கீழே வைத்தார். முன்வரிசையில் நடுவாக உட்கார்ந்தார். தன்னுடைய செத்தவீட்டுப் பாட்டைக் கேட்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை, தயவுசெய்து முதலிலிருந்து பாடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதன்பிறகுதான் மண்டபம் சிரிப்பால் வெடித்தது. பாட்டை முழுமையாகப் பாடினார்கள். ஜெஃப்ரி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டி ரசித்தார்.

திங்கட்கிழமை மேயர் கூப்பிட்டார். கதவுக்கு வெளியே அரை மணித்தியாலம் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். உள்ளே போனதும் அவர் என் விண்ணப்பத்தை எடுத்து, ‘ஆங்கிலம்: சரளம்’ என்ற வரியைப் பேனாவால் நிதானமாக வெட்டினார். மரங்களுக்கு ஆங்கிலம் தேவையில்லை என்றார். பிறகு அதே பேனாவால் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்.

வேலை நிலைத்தது. மானம் நிலைக்கவில்லை. எங்கள் வீட்டில் கதவுத் திறப்பைக் காணவில்லை, மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை என்று நான் வாய் திறந்தால் போதும், “துலைஞ்சதோ, செத்ததோ?” என்று வதனி கேட்பாள். போன வருடம் இங்கே ஊன்ட்றொப் என்ற ஊரில் இருக்கும் அம்மன் கோயில் தேருக்குப் போனபோது, சனத்துக்குள் நான் வழி மாறிவிட்டேன். கைபேசியும் காரில். ஒரு மணித்தியாலம் தேடிய என் மகள், கால்வாய்க் கரையில் வடை தின்றுகொண்டிருந்த என்னைக் கண்டுபிடித்தாள்.  முதலில் தாய்க்கு ஃபோன் எடுத்தாள்.

“அம்மா, அப்பா துலைஞ்சுதான் போனவர். பாட்டுக்காரருக்குச் சொல்லாதேங்கோ.”