அண்ணாச்சியின் ஸ்பிரிங் சீட்

திருவனந்தபுரத்து டவுன் பஸ்ஸில் சொந்த சீட்டோடு ஏறிய ஒரே பயணி எங்கள் சீட் அண்ணாச்சிதான். இல்லை என்று சொல்கிறவன் சண்டைக்கு வரலாம். நான் கரமனையில்தான் இருக்கிறேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. மார்த்தாண்டம் பக்கத்து ஆள். கரமனையில் ஒரு வேன் கம்பெனியில் டிரைவர். நான் அதே கம்பெனியில் சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

அண்ணாச்சிக்கு முதுகில் டிஸ்க் நகர்ந்திருந்தது. இனிமேல் வண்டியைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷன் நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போனார். உடைப்பதற்கு வந்திருந்த ஒரு பெரிய லாரியிலிருந்து டிரைவர் சீட்டைக் கழற்றி வாங்கி வந்து, தான் ஓட்டும் வேனில் பொருத்தினார். அடியில் தடித்த ஸ்பிரிங். முன்பக்கம் கிலோ எண்கள் போட்ட ஒரு திருகு. உட்காருகிறவன் எடைக்குத் தகுந்தபடி திருகைத் திருப்பி வைக்க வேண்டும். சரியாக வைத்தால் குழியில் வண்டி குதிக்கும், ஆள் குதிக்க மாட்டான். அதிகம் முறுக்கினால் பாறையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தளர்த்திவிட்டாலோ குழிக்குக் குழி அடித்தட்டில் போய் முட்டும்.

அண்ணாச்சியின் எடை எழுபத்திரண்டு கிலோ. திருகும் எழுபத்திரண்டில் நிற்கும். ஆனால் எங்கள் டிரைவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தத் திருகைக் கண்டாலும் கடைசிவரை முறுக்கிவிட வேண்டும். முறுக்கினால் உறுதி என்று நினைப்பு. அடுத்த ஷிப்டுக்காரன் முறுக்கி வைத்துவிட்டுப் போவான். அண்ணாச்சி காலையில் வந்து உட்கார்ந்து, அவன் பரம்பரையையே திட்டுவார். ஒரு நாள் பொறுமை போனது. வேலை முடிந்ததும் போல்ட்டைக் கழற்றி, சீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்ரீவராகத்தில் இருந்த தன் அறைக்கு பஸ் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் அதே கூத்து. பஸ்ஸின் நடுவில் சீட்டைப் போட்டு அதிலேயே உட்காருவார்.

"எந்தா அண்ணாச்சி, இத்தனை சீட் காலியா கிடக்கில்லே?" என்று கண்டக்டர் கத்துவார்.

"அது ஒன் சீட்டு. இது என் சீட்டு. டிக்கெட்டக் கிழி மக்கா."

"சீட்டுக்கும் டிக்கெட் எடுக்கணும்."

"எடுக்கேன். அப்பம் வேற எவனும் இதுல வந்து உக்காரக் கூடாது, கேட்டியா?"

சாப்பாட்டிலும் அதே கெடுபிடிதான். கம்பெனியில் ஓணத்துக்கு இலை போட்டால் இரண்டாவது பாயசத்தைத் தொட மாட்டார். "சீட்டுக்கு ஒத்துக்கிடாது" என்பார். காய்ச்சலில் நான்கு நாள் படுத்து இளைத்தபோது, குணமான பிறகும் வேலைக்கு வரவில்லை. நேந்திரம்பழத்தைத் தின்று தின்று பழைய எடைக்கு வந்த பிறகுதான் வந்தார். "திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் போதாதா?" என்று கேட்டேன். "நான் மெலிஞ்சதுக்கு அது ஏம்லே மாறணும்?" என்றார். இந்த ஆளிடம் என்ன பேச?

ஒருமுறை அக்ரஹாரத்துக் கல்யாண கோஷ்டியை ஏற்றிப் போனோம். வழியில் டீக்கு நிறுத்தியபோது, மூட்டுவலிக்கார மாமி ஒருத்தி டிரைவர் சீட்டைப் பார்த்து ஆசைப்பட்டாள்.

"ஏண்டாப்பா, செத்த நாழி நான் அதுல உக்காந்துக்கறேனே. தேஞ்சா போயிடும்?"

"தேயாது மாமி. ஆனா அது என்னைய மறந்துரும்."

"நன்னாருக்குடா! ஆம்படையாளைக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வெச்சுண்டவாளை நான் பார்த்ததில்லை!"

வண்டியே குலுங்கச் சிரித்தோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவருக்கு ஆம்படையாளும் இல்லை, பிள்ளையும் இல்லை. பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: "இந்த சீட்டு இருக்கவரைக்கும் நான் டிரைவரு. அது இல்லாம மலைல ஒரு தடவ எறங்கினாலும் என் முதுகு முடிஞ்சிரும்லே. டாக்டரு எழுதாத குறைதான்."

அந்த மலை பொன்முடி. மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அரிசி இறக்கப் போயிருந்தோம். கடைசி மூட்டை இறங்கும்போது ஒரு பெண்ணைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். செல்வி. கொழுந்து பறிக்கிறவள். மாதம் நிறையும் முன்பே வலி வந்துவிட்டது, ரத்தமும் போகிறது. ஆம்புலன்ஸ் கீழே மண்சரிவில் மாட்டி நிற்கிறது, எங்கள் வேன் மாதிரி சின்ன வண்டிதான் இடுக்கில் நுழைய முடியும் என்றார்கள். தோட்டத்து நர்ஸ் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "குலுங்கக் கூடாது. குலுங்கினா ரெண்டு உசுரும் போயிரும்."

அந்த ரோட்டில் குலுங்காமல் இறங்குவதா? ரோடு போட்டவனை நிற்க வைத்து உதைக்க வேண்டும்.

அண்ணாச்சி வேனுக்குள் ஏறி போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். சீட்டைப் பின்னால் கொண்டுபோய்க் கயிற்றால் கட்டினார். பிறகு வெளியே வந்து கேட்டார்:

"பிள்ளே, ஒன் எடை என்ன?"

வலியில் துடிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா? அவளுக்குத் தெரியவில்லை. "அப்பம் நிறுக்கணும்" என்று சொல்லி, கொழுந்து நிறுக்கிற கொட்டகையைக் காட்டினார். செல்வியின் புருஷன் முருகேசன் அவரை அடிக்கவே வந்துவிட்டான். நானும் கத்தினேன். சூப்பர்வைசர் ஓடி வந்து, தராசில் ஆளை ஏற்றக் கூடாது என்றார்.

"அதுல தினமும் இவளுக உசுரத்தான ஓய் நிறுக்கீரு? மாறி நில்லும்!"

செல்வியே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணாச்சி, நான் என்ன கொழுந்து மூட்டையா?"

"மூட்டைன்னா இவரு குறைச்சுல்லா எழுதுவாரு. நீ ஏறி நில்லு மக்களே, ஒரு நிமிசம்."

அவள் அந்த வலியிலும் சிரித்தாள். முள் ஐம்பத்தெட்டில் நின்றது. அண்ணாச்சி திருகை இடதுபக்கம் திருப்பினார். உயிரே போனாலும் எழுபத்திரண்டிலிருந்து அசையாத திருகு. அவளை உட்கார வைத்து, கையால் ஒருமுறை அமுக்கிப் பார்த்து, தலையாட்டினார். டிரைவர் இடத்தில் ஒரு பழைய மரப்பெட்டியைப் போட்டு, அதன்மேல் காலிச் சாக்கு ஒன்றை விரித்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க முதுகு?" என்றேன்.

"ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியுமால?"

"தெரியாது."

"அப்பம் வாய மூடிட்டு அவளப் புடி."

நானும் முருகேசனும் சீட்டின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். வேன் இறங்கியது. ஒவ்வொரு குழிக்கும் சீட் மெத்தென்று அமுங்கி எழுந்தது. செல்வி முனகலோடு சரி. முன்னால் இருந்துதான் "அய்யோ! எக்க அம்மோ!" என்று அலறல். பிரசவ வலி யாருக்கு என்றே தெரியவில்லை. ஒரு வளைவில் அவள் அந்த அலறலைப் பொறுக்க முடியாமல், "அண்ணாச்சி, கொஞ்சம் நிறுத்தி எளைப்பாறிட்டுப் போங்க" என்றாள். "நீ ஒன் வேலயப் பாரு பிள்ளே, நான் என் வேலயப் பாக்கேன்" என்று பதில் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அண்ணாச்சியைக் காணோமே என்று திரும்பிப் பார்த்தால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருக்கிறார். கால் இரண்டும் அசையவில்லை. ஆட்கள் வந்து தூக்கித்தான் இறக்கினார்கள்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். அண்ணாச்சிக்கு ஆபரேஷன் ஆனது. தடி ஊன்றி நடக்கலாம் என்றார்கள். உட்கார முடியாது. அந்த சீட்டில்கூட.

எங்கள் முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்தான். வந்தவன் என்ன கேட்டான் தெரியுமா? வேன் தரையில் போல்ட் போட்ட ஓட்டைகளை யார் அடைப்பது என்று கேட்டான். நான் அன்றே அந்த வேலையை விட்டேன். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத என் கை வராது.

எனக்கு இன்றும் ஆறவில்லை. அரிசிச் சாக்குகளைக் கீழே அடுக்கியிருக்கலாமோ, லயத்தில் மெத்தை கேட்டிருக்கலாமோ என்று இப்போது ஆயிரம் தோன்றுகிறது. அன்று எவனுக்கும் தோன்றவில்லை. அண்ணாச்சியிடம் கேட்டேன், வருத்தமாக இருக்கிறதா என்று. பெரிய மனுஷத்தனமாக எதையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"வருத்தந்தாம்லே. இல்லாம? இனி அந்த வளைவுல ஒருக்கா வண்டிய ஒடிச்சுத் திருப்ப முடியுமா எனக்கு?" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சற்றுக் கழித்து, "பிள்ளைக்கு எடை எவ்வளவாம்?" என்று மட்டும் கேட்டார்.

வேறொரு வேன் கம்பெனியில் சேர்ந்து நான் வண்டி ஓட்டப் பழகினேன். என் முதல் நீண்ட ஓட்டம், அவரை மார்த்தாண்டத்தில் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. பின்னால் மெத்தையில் படுத்தபடி வழி நெடுக, "குழி வருது! மெதுவா! நீ எல்லாம் டிரைவராலே!" என்று கத்திக்கொண்டே வந்தார். அடுத்த மழைக்காலத்துக்கு அவர் இல்லை.

இப்போது பொன்முடி ஓட்டம் எனக்குத்தான். சாமானை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத்தான் திரும்புகிறேன். ஆனாலும் குழியைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, மெதுவாக இறக்கி, மெதுவாக ஏற்றுகிறேன். பின்னால் அண்ணாச்சி படுத்திருக்கிறார்.