உப்பிய டச்பேடும் மாமாவின் போஸ்டரும்

மைதாப் பசையின் புளித்த வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் என் ஆள்காட்டி விரல் தானாக மடங்கிக்கொள்கிறது. அந்த விரலால் உயிரோடிருந்த ஒருவரைச் சாகடித்திருக்கிறேன். கூட்டுக்களவாணி, என் லேப்டாப்பின் டச்பேடு.

என் தாய்மாமா முப்பது வருஷம் போர்வெல் ரிக் ஓட்டியவர். ஈரல் கெட்டு, வயிற்றில் நீர் கோத்து, ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் அவர் மகன் செந்திலைத் தனியே அழைத்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். எங்களுக்குப் புரிந்தது. மாமாவுக்குப் புரியக்கூடாது என்று குடும்பமே கூடி முடிவெடுத்தது. குணமாகிவிட்டது என்று அவரிடம் சொல்லி, எல்லோரும் சிரித்துக்கொண்டே நடமாடினோம்.

"மச்சான், கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நீங்கதான் எழுதோணும். இப்பவே எழுதி வெச்சிருங்க. அன்னிக்குக் கையே ஓடாது" என்றான் செந்தில். (குடும்பத்தில் கவிஞன் என்று ஒருவன் இருந்தால் அவனுக்குக் கிடைக்கிற ஒரே வேலை இதுதான்.)

எழுதினேன். 'பூமியைத் துளைத்துத் தண்ணீர் தந்தவரே, எங்கள் கண்களையும் துளைத்துவிட்டுப் போனீரே!' (நாற்பத்தாறு வயதில், வெட்கமே இல்லாமல்.) மாமாவின் படத்தை இணைத்து, அச்சகத்தின் மின்னஞ்சல் முகவரியையும் போட்டுவைத்தேன். (அடிப்பதும் ஊரில் ஒட்டுவதும் அவர்களேதான்.) தேதிக்கு மட்டும் இடம் விட்டேன்.

அப்போது டச்பேடுக்குச் சாமி வந்தது. சில நாளாகவே அது நடுவில் மேடு தட்டியிருந்தது. அம்புக்குறி தன்போக்கில் திரிந்தது. கேட்காததைத் திறந்தது, திறந்ததை மூடியது. துடைத்தேன், ஊதினேன், விசிட்டிங் கார்டை வைத்து அமுக்கினேன். கடைசியில் மவுஸைச் செருகி, செட்டிங்ஸில் போய் டச்பேடின் இயக்கத்தையே நிறுத்தினேன். அம்பு அடங்கியது. ஜெயித்த திமிரில் டீ குடிக்கப் போனேன். அடங்கும் முன் அது மின்னஞ்சலை அனுப்பியிருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் பகலில் மாமாவைக் காரில் வீட்டுக்கு அழைத்துப்போனோம். கொண்டப்பநாயக்கன்பட்டித் திருப்பத்தில் பசை வாசனை உள்ளே வந்தது. மளிகைக்கடைச் சுவரில் மாமா சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த சுவரில் இன்னும் நான்கு மாமாக்கள், ஈரம் காயாமல்.

"வண்டிய நிறுத்து சாமி" என்றார் நிஜ மாமா.

நான் இறங்கி ஓடி அச்சகத்துக்குப் போன் போட்டேன். "எழவு ஊட்டுக்குப் போன் போட்டு நெசமாங்களான்னு கேக்க முடியுங்களா? தேதி உட்டுப்போயிருந்துச்சு, நாங்களே போட்டுட்டமுங்க" என்றார் அச்சகக்காரர். உதவி செய்தவரின் குரல்.

திரும்பி வந்தபோது மாமா கடைசி வரிவரை படித்து முடித்திருந்தார்.

"மாப்ளே, நீ எழுதுனதா?"

"ஆமாங்க மாமா."

"டாக்டர் எத்தன நாளுன்னாரு?"

செந்தில் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதான். மாமா அவன் முதுகைத் தட்டினார். "அளுவாத சாமி. எனக்குத் தெரியும். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இருந்தீங்கல்ல, அதுலயே தெரிஞ்சுபோச்சு."

வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் இருபது பேர். மாமா காரிலிருந்து இறங்கியதும் ஒரு பெரியவர் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "கொண்டாந்தத ஏனுங்க ஒளிக்கறீங்க? உக்காருங்க, காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம்" என்றார் மாமா.

அவர் கட்டிலில் சாய்ந்ததும் டச்பேடு செய்த வேலையைச் சொன்னேன். என் லேப்டாப்பைக் கேட்டு வாங்கித் தடவிப் பார்த்தார். "பேட்டரி உப்பியிருக்குது மாப்ளே. உள்ள உப்புனா மேல இருக்கறது தானா ஆடும். அத அமத்தி வெச்சா ஆச்சா?" என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பேட்டரியை மாற்றிவிட்டேன், டச்பேடை மட்டும் இன்றுவரை நான் இயக்கவில்லை. நான் போனை எடுத்து எதையாவது தட்டினால் போதும், "ஆள் உசுரோட இருக்காரான்னு கேட்டுக்கிட்டு அனுப்புங்க மச்சான்" என்கிறான் செந்தில்.

அன்று மாலை கிளம்பும்போது கட்டிலருகே நின்றேன். மறுவாரம் நான் வந்தபோது மாமாவுக்குப் பேச்சில்லை; அதனால் அன்று பேசியதுதான் கடைசி.

"வாரேனுங்க மாமா."

"இரு மாப்ளே. நான் போட்ட போர்ல பாதி வெறும் புழுதிதான் வந்துச்சு. தண்ணி தந்தவருன்னு போட்டீன்னா காசு குடுத்து போர் போட்ட காட்டுக்காரங்க வந்து கிழிச்சுப்போடுவாங்க. அந்த வரிய மட்டும் மாத்திப்போடு. போட்டோ நல்லாருக்குது, அதயே வெய்யி."