அரை இஞ்ச் அண்ணன் டாக்டர் பார்த்த கதை

தொண்ணூறுகளின் நடுவில் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை வயிற்றில் கத்தி பட்ட ஆண்பிள்ளை எவரும் அரை இஞ்ச் அண்ணனிடம் சட்டையைத் தூக்கிக் காட்டாமல் தப்பித்ததில்லை. குடலிறக்கமோ, பித்தப்பைக் கல்லோ, எதுவானாலும் சரி. பஸ் ஸ்டாண்டில் அகப்பட்டால் பஸ் ஸ்டாண்டில், கல்யாணத்தில் அகப்பட்டால் சமையல்கட்டுக்குப் பின்னால். தழும்பின் மேல் கட்டை விரலால் ஒரு தேய்ப்பு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு யோசனை, பிறகு தீர்ப்பு. தையல் நன்றாக இருந்தால் தலையாட்டுவார். மோசமாக இருந்தால் ஏதோ நாமே திருடிக்கொண்டு வந்த மாதிரி நம்மை ஒரு பார்வை பார்ப்பார்.

அவர் டாக்டர் இல்லை. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஜென்ட்ஸ் டெய்லர். எந்தச் சட்டை தைத்தாலும் உள்பக்கம் அரை இஞ்ச் துணி கூடுதலாக விட்டுத்தான் தைப்பார். இன்றைக்கு இருக்கிற உடம்பு நாளைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, பிரித்து விட இடம் வேண்டாமா என்பது அவர் கட்சி. அதனால் வந்த பெயர்தான் அரை இஞ்ச். பெயர்தான் அரை இஞ்ச்சே தவிர, அவர் கடைக்குள் இருந்தால் வாடிக்கையாளர் வாசலில் நின்றுதான் அளவு கொடுக்க வேண்டும்.

அந்த உடம்புதான் அவருக்கு வினையாக வந்தது. வருஷா வருஷம் வயிறு வளர்ந்து அவரை மெஷினிடமிருந்து பின்னுக்குத் தள்ளியது. முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் ஒருக்களித்து உட்கார்ந்து ஒற்றைக் காலால் மிதித்தார். கடைசியில் கை ஊசியை எட்டினால் கால் பெடலை எட்டவில்லை, கால் எட்டினால் கை எட்டவில்லை. வேறு வழியில்லாமல் தைப்பதற்கு ஓர் ஆளை வைத்துவிட்டு, தான் நின்றபடி துணி வெட்ட மட்டும் செய்தார். அந்த ஆள் தைக்கும்போது பக்கத்தில் நின்று இவர் விடுகிற பெருமூச்சு தெருமுனை வரை கேட்கும். மூட்டு வலி, சர்க்கரை, நாலு படி ஏறினால் இரைப்பு எல்லாம் கூடவே சேர்ந்துகொண்டன.

நாற்பத்து நாலு வயதில் குடும்ப டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இப்படியே போனால் ஐம்பதைப் பற்றிப் பேச வேண்டாம். இரைப்பையைச் சிறிதாக்குகிற ஆபரேஷன் ஒன்று புதிதாக வந்திருக்கிறது, பட்டணத்தில் இரண்டு மூன்று பேர் செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள் என்று ஒரு சீட்டில் மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்தார். செலவுக்குச் சேலையூரில் அப்பா விட்டுப்போன நிலத்தில் ஒரு துண்டை விற்க அண்ணன் உடனே தயாரானார். ஆனால் டாக்டர் விஷயத்தில்தான் தகராறு. சீட்டில் முதல் பெயர் யாருடையதோ அவரிடம் போய்ப் படுத்துக்கொள்ள அவர் என்ன சாதாரண ஆளா?

“நான் தச்ச சட்டைய எவன் மேலயாவது பாத்துட்டுத்தான் சார் ஒருத்தன் எங்கையில துணி குடுக்கறான். நான் மட்டும் ஒண்ணியும் பாக்காம வயித்தக் குடுத்துடறதா?” என்றார் என்னிடம்.

நான் அப்போது இரும்புலியூரில் குடியிருந்த வங்கி குமாஸ்தா. கல்யாணமாகாதவன், சொந்த ஸ்கூட்டர் உள்ளவன், சட்டைப் பித்து வேறு. இந்த மூன்று தகுதியும் போதாதென்று எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆன தழும்பும் இருந்தது. அவர் பார்த்த முதல் தழும்பு என்னுடையதுதான். தடவிப் பார்த்து, ‘கோணித் தையல்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பத்து வருஷமாக அதைப் பற்றிப் பெருமையாக இருந்தவன் நான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் அவருடையவை ஆயின. அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தால் ஸ்கூட்டரின் முன் சக்கரம் தரையில் இருக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அந்த மூன்று டாக்டர்களிடம் எந்த ஆபரேஷன் செய்துகொண்டவராக இருந்தாலும் விசாரித்துத் தேடிப் போவோம். பொழிச்சலூரில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், யாரோ பென்ஷன் விஷயமாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். மோரைக் குடித்துவிட்டு அண்ணன் பணிவாகப் பனியனைத் தூக்கச் சொன்னார். அதிகாரம் பண்ணியே பழகிய அந்த மனிதர் ஏன் மறுபேச்சில்லாமல் தூக்கினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கீழ் ஓரம் சுருக்கம் விழுந்திருப்பதாகத் தீர்ப்பாயிற்று. அதோடு சீட்டிலிருந்து முதல் டாக்டரின் பெயர் போயிற்று.

பெண் நோயாளிகளை இவர் பார்க்க முடியாதே. அதற்கு மனைவி சரோஜா அக்காவைத் தயார் செய்தார். முடிச்சு உறுத்துகிறதா, இரண்டு பக்கமும் சமமாக இழுத்திருக்கிறதா என்றெல்லாம் பாடம் நடந்தது. பம்மலில் மூன்றாவது டாக்டரிடம் ஆபரேஷன் ஆன ஓர் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, தையல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தம்மா தான் பட்ட பாட்டைச் சொல்லி இவ்வளவு நேரம் அழுதாள், அதை யாராவது கேட்டீர்களா என்று எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது டாக்டரை நேரிலேயே பார்த்தோம். அண்ணன் ஒன்பது கேள்வி வைத்திருந்தார். இரண்டாவது கேள்விக்கே அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது போதாதென்று அவருடைய சட்டையின் மூன்றாவது பட்டன் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் அண்ணன் அவரை நிராகரித்துவிட்டார். தன் பட்டனையே கவனிக்காதவர் அடுத்தவன் வயிற்றை எப்படிக் கவனிப்பார் என்று கேட்டார்.

மூன்றாவது ஒரு டாக்டரம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி, சிரிக்காத முகம். ஒன்பது கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். இரைப்பையில் மேலே சின்னதாக ஒரு பை மாதிரி விட்டு, மீதியை ஸ்டேப்ளர் பின் அடித்துத் தடுத்துவிடுவோம் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. துணிக்கு எவனாவது பின் அடிப்பானா என்று கேட்டார். வரிசையாக அடிக்கிற பின், தையல் மாதிரியே பிடித்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். அண்ணன் சமாதானமாகி, கடைசியாக ஒரு வேண்டுகோள் வைத்தார்.

“உள்ளார ஒரு அரை இஞ்ச் வுட்டு அடிங்க மேடம். நாளைக்கிப் பிரிக்கணும்னா?”

“பிரிக்கிற வேலை இல்லைங்க இது. நல்லா யோசிச்சிட்டு வாங்க” என்றார் டாக்டரம்மா.

அவர் இன்னொன்றும் சொன்னார். நீங்கள் டாக்டரைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி நானும் நோயாளியைத் தேர்ந்தெடுப்பேன். ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறைத்துக் காட்ட வேண்டும். கல்லீரல் சுருங்கினால்தான் உள்ளே எனக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும், மயக்க மருந்தும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளும். அவருடைய எடை மெஷினில் அண்ணன் ஏறியபோது முள் கடைசிவரை போய் அங்கேயே நின்றுவிட்டது. தாம்பரம் அரிசி மண்டித் தராசில் நிறுத்துச் சீட்டு வாங்கிவந்தோம். மண்டிக்காரர் பழக்க தோஷத்தில் ‘மூட்டை ஒன்று, நூற்று நாற்பத்தெட்டு கிலோ’ என்று எழுதிவிட்டார். டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தது அந்தச் சீட்டைப் பார்த்துத்தான். சீட்டைப் பத்திரமாக ஃபைலில் வைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் அண்ணன் பத்தியம் இருந்தார். அதாவது உட்கார்ந்து சாப்பிடும்போது பத்தியம். பஜ்ஜிக் கடையில் நின்றுகொண்டு தின்பது, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு மென்பது, ருசி பார்க்கச் சொல்லி யாராவது கொடுப்பது இதெல்லாம் சாப்பாட்டில் சேராது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். மறுபடி மண்டித் தராசில் ஏறியபோது இரண்டு கிலோ கூடியிருந்தது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. ஃபைலை மூடினார். “நான் உங்களுக்கு ஆபரேஷன் பண்ணலை. மேஜையிலேயே நீங்க போய்ட்டா அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்று, கூட வந்திருந்த சரோஜா அக்காவைக் காட்டினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

அக்காவை ரயிலேற்றிவிட்டு நாங்கள் ஸ்கூட்டரில் திரும்பினோம். குரோம்பேட்டை தாண்டியதும் அண்ணன், வேறு டாக்டர் இருக்கிறாராம், மறைமலை நகரில் அவரிடம் பித்தப்பை எடுத்துக்கொண்ட ஆள் ஒருவன் இருக்கிறானாம், அடுத்த ஞாயிறு போகலாமா என்று ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓரமாக வண்டியை நிறுத்தி, அவரை இறங்கச் சொன்னேன். எட்டு மாதமாக ஊர்க்காரன் வயிற்றையெல்லாம் பார்த்தாயிற்று, நல்ல கை கிடைத்தும் விட்டுவிட்டு வருகிறீர்கள், உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கத்தினேன். அவரை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“பயமாக்கீது சார்” என்றார். “நல்ல கை தேடிகினு இருக்கற வரிக்கும் ஒருத்தனும் நம்ம மேல கத்தி வைக்க மாட்டான் இல்ல?”

எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நான் இவரை ஒரு தமாஷாகவே பார்த்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து, “வண்டிய எடுங்க சார், அவங்ககிட்டயே கேட்டுப் பாக்கலாம்” என்றார்.

டாக்டரம்மா இன்னொரு மூன்று மாதம் கொடுத்தார். இந்தத் தடவை நின்றுகொண்டு தின்பதும் சாப்பாடுதான் என்று ஒப்புக்கொண்டார் அண்ணன். காலையில் கடையிலிருந்து இரும்புலியூர் வரை நடந்து வந்து என் வீட்டுக் கதவைத் தட்டி, தான் வந்ததற்கு என்னைச் சாட்சியாக்கிவிட்டுத் திரும்பிப் போவார். பஜ்ஜிக் கடைக்காரர் வியாபாரம் படுத்துவிட்டது என்று என்னிடம் வந்து முறையிட்டார். பதினொரு கிலோ குறைந்தது.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தைய நாள் மத்தியானம் கடைக்குப் போனேன். இரண்டு மாதத்தில் என் கல்யாணம், சட்டைத் துணியை அவரிடம் கொடுத்துவைத்திருந்தேன். கடை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. எல்லா உருப்படியையும் முடித்து, வீடு வீடாகக் கொடுத்தனுப்பியிருந்தார். தீபாவளிக்கென்று வந்த துணியைக்கூட விட்டுவைக்கவில்லை. என் துணியை மட்டும் மேஜையில் விரித்து, என் எதிரிலேயே அளவு போட்டு வெட்டினார். வெட்டியதைச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார். தைக்கிற ஆள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார், இதையும் தைத்துவிடலாமே என்றேன்.

“இத நான்தான் தைக்கணும். வெட்டிப் போட்ட துணிய வுட்டுட்டு எந்த டெய்லரும் போனதில்ல சார்” என்றார்.

அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் நீட்டிய அலமாரிச் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்க மருந்துக்கு முன்னால் தையல் நூலைக் கேட்டு வாங்கி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாராம். ஆனால் ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. எட்டு நாள் அது இறங்கவில்லை. டாக்டரம்மா வீட்டுக்கே போகாமல் அங்கேயே கிடந்தார். வங்கி முடிந்து தினம் மின்சார ரயில் பிடித்துப் போவேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, சரோஜா அக்காவோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டது. கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்து, அலமாரிச் சாவி பத்திரமா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தபின்னும் ஐந்து வாரம் மெஷின் மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. இரண்டு ஸ்பூன் கஞ்சிக்கே வயிறு நிறைந்துவிடுகிறது என்று அதிசயப்படுவார். சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. என் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது டாக்டரம்மாவே கடைக்கு வந்து நின்றார். மேஜைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பரிசோதித்தார். அண்ணன் அவருடைய வேலையைப் பற்றித் தன் அபிப்பிராயத்தை மறைக்கவில்லை. மேலே இரண்டு தையல் நெருக்கம், மற்றபடி கை சுத்தம் என்றார். அந்த இரண்டும் என் ஜூனியர் போட்டது என்றார் டாக்டரம்மா. பிறகு, இனி மிதிக்கலாம், மெதுவாக என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அண்ணன் ஸ்டூலை மெஷினுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். வயிற்றுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. இரண்டு காலும் பெடலில் இருந்தன. அலமாரியிலிருந்து என் துணியை எடுத்து ஊசிக்கடியில் வைத்தார். மெஷின் ஓட ஆரம்பித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவைப் பார்க்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன். வேலை நாள், வங்கிக்கு நேரமாகியிருந்தது. சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். இன்றைக்கு எனக்கு லீவுதான் என்று பொய் சொல்லிவிட்டு, அவர் கடைசிப் பட்டனையும் வைத்து நூலைப் பல்லால் கடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.