ராசிக்கு ஒரு திரை

பழவங்காடி ஜனங்களுக்கு ஒரு மாதமாகக் காய்ச்சல். கொசு கடித்து வந்ததல்ல. கம்ப்யூட்டர் திரை எந்த நிறத்தில் இருந்தால் யோகம் என்று கணித்துச் சொல்கிற சுஜித்ஜி வந்து இறங்கியதால் வந்தது.

லாட்ஜ் மாடியில் அவருக்கு ஓர் அறை. காலை ஏழு மணிக்கே வாசலில் வரிசை. துணிக்கடைக் கணக்கர், பைனான்ஸ்காரர், டிராவல்ஸ் பெண்கள் எல்லோரும் லேப்டாப்பை இடுப்புக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார்கள். தோளில் சார்ஜர் வேறு, பால்புட்டிக்குப் பதிலாக. நட்சத்திரத்தைச் சொன்னால் போதும், அதற்குப் பொருந்தும் நிறத்தை ஜீ திரைக்குப் போட்டுத் தருவார். தட்சணை ஆயிரத்து ஐந்நூற்று ஒன்று. அந்த ஒரு ரூபாய் கிரகத்துக்காம். மிச்சம் யாருக்கு என்று கேட்க வரிசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மருந்து மொத்த வியாபாரி பகவதிப்பெருமாள் வரிசையில் நிற்கிற ஆளில்லை. ஜீயையே காரில் ஏற்றித் தன் ஆபீசுக்குக் கொண்டுவந்துவிட்டார். சாப்ட்வேரைப் புதுப்பித்தால்கூடக் கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறவர் அவர். பில் வேகமாக வந்தால் தேங்காயின் மகிமை. வராவிட்டால் தேங்காய் அழுகல்.

ஜீ தும்பைப்பூ வெள்ளையில் வந்தார். சட்டை, வேட்டி, செருப்பு, எல்லாம் வெள்ளை. "வெள்ளையில எல்லா வர்ணமும் அடக்கம்," என்றார். ஆபீஸ் முழுக்கச் சிலிர்த்தது. ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் கண்ணைப் பாதி மூடி, இடது கீழ்மூலைப் பக்கம் நெற்றியைக் கொண்டுபோய், சற்று நேரம் தியானித்து, இருக்கிற நிறத்தையும் சேர வேண்டிய நிறத்தையும் சொன்னார். பில் போடும் பிரேமாவுக்கு அஸ்வதி நட்சத்திரம் என்பதால் செவ்வாய்ச் சிவப்பு. அன்றைக்கே அவளுக்கு நெஞ்சுப் படபடப்பு நின்றுவிட்டதாம். நாற்காலி மாறி உட்கார்ந்தால் தோஷம் என்று ஜீ சொன்னதால், பிரேமா லீவு போட்ட நாளில் அவள் கம்ப்யூட்டரை ஒருத்தரும் தொடவில்லை. பதினாறு பில் அப்படியே கிடந்தது.

கடைசியில் தாசையனின் முறை வந்தது. பாறசாலைக்காரர். பதினெட்டு வருஷமாக இந்த ஆபீசில் மருந்துப் பெட்டிகளைச் சரிபார்த்து அனுப்புகிறார்.

"நட்சத்திரம்?"

"நமக்கு அதொண்ணும் கிடையாது ஜீ. நான் சி.எஸ்.ஐ."

"ஞானஸ்நானம் எடுத்த நாளைச் சொல்லுங்க. கிறிஸ்தவங்களுக்கும் கிரகம் உண்டு." ஜீ விரல் விட்டு எண்ணினார். "புதன் பச்சை. ஏன் இந்தத் திரை இப்படிக் கறுத்துக் கிடக்கு? சனியைக் கூப்பிட்டு நடுவீட்டில உட்கார வச்சிருக்கீங்களே!"

"சாரே, கறுப்புல வெள்ளை எழுத்துன்னா எனக்குக் கண்ணு கூசாது. அது கிடந்துட்டுப் போட்டும்," என்று கெஞ்சினார் தாசையன்.

"வே, ஜீ சொன்னா கேளும்," என்றார் முதலாளி. பச்சை ஏறியது.

கண் கூச்சமெல்லாம் சாக்கு. தாசையனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. இரண்டுமே அவருக்கு ஒரே செம்மண் கலங்கல்தான். அந்த சாப்ட்வேரில் நல்ல மருந்தின் பெயர் பச்சையிலும், காலாவதியானது சிவப்பிலும் வரும். கறுப்புத் தீமில், அதாவது கறுப்புத் திரை அமைப்பில் மட்டும் காலாவதிக்குப் பக்கத்தில் பெரிய பெருக்கல் குறியும் சேர்ந்து வரும். அந்தக் குறியை நம்பித்தான் அவர் பிழைப்பு ஓடியது. இந்தச் சங்கதி அவர் மனைவி ராஜபாய்க்கு மட்டும் தெரியும். தினமும் சட்டை எடுத்து வைப்பவள் அவள்தானே. ஆபீசில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று தாசையன் மூச்சு விட்டதில்லை.

மூன்றாம் நாள் நடந்துவிட்டது. நெய்யாற்றின்கரை கிளினிக்குக்குப் போகிற பெட்டியில், குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து இருபது குப்பி. இரண்டு மாதம் முன்பே காலாவதி. வண்டியில் ஏற்றும்போது பிரேமா கண்ணில் பட்டது.

"இன்னொரு தடவ இப்படி நடந்துதுன்னா நீரு பாறசாலைக்கே வண்டி ஏறிக்கிடும்!" முதலாளியின் குரல் தெருவரை கேட்டது.

ஜீயைப் போனில் கேட்டார்கள். பச்சை போதவில்லையாம். வெள்ளிக்கிழமை பரிகார பூஜை. ஐயாயிரத்து ஒன்று.

தாசையன் வியாழன் சாயங்காலம் டீக்கடையில் நொந்துபோய் நின்றார். பக்கத்தில் ஜீ. மேலே ரசகதலி வாழைக்குலை, பாதி பழம், பாதி காய். ஜீ அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "இதில பழுத்தது எது?" என்றார்.

தாசையன் கையிலிருந்த டீ ஆறிப்போனது. ஐம்பது வருஷமாகத் தாசையன் பழம் பார்க்கிற முறையும் அதேதான். வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்தது. இடது கீழ்மூலை நினைவுக்கு வந்தது. திரையில் அந்த மூலையில்தான் தீமின் பெயர் பொடி எழுத்தில் வரும்.

நேரே சாப்ட்வேர் கம்பெனிப் பெண் நீதுவுக்குப் போன் போட்டார். "மோளே, ஒரு காரியம் சொல்லுதேன். ஒருத்தர்ட்டயும் சொல்லாண்டாம்," என்று தன் ரகசியத்தையும் ஜீயின் வாழைப்பழத்தையும் சேர்த்துச் சொன்னார்.

"அய்யோ அண்ணே, இதுக்கா இத்தனை காலம் பயந்தீங்க? அந்தக் கறுப்புத் தீம் நாங்க போட்டதே உங்களை மாதிரி உள்ளவங்களுக்குத்தான். நூறு ஆம்பிளைங்கள்ல ஏழெட்டுப் பேருக்கு இது உண்டு." நீது ஒரு நிமிஷம் யோசித்தாள். "நாளைக்கு நான் வர்றேன். நிறத்தில கை வைக்க மாட்டேன். பேரை மட்டும் மாத்திடுவேன்."

வெள்ளிக்கிழமை. சாம்பிராணிப் புகை. ஆபீஸ் மொத்தமும் கைகட்டி நின்றது. காலையிலேயே வந்து தீமின் பெயரை மாற்றிவிட்ட நீதுவும் ஓரமாக நின்றாள். ஜீ தாசையனின் திரை முன்னால் குனிந்தார். இடது கீழ்மூலை. தியானம். உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கியது.

"யாரோ செவ்வாயை இறக்கியிருக்காங்க! என்ன சிவப்பு! தீயாட்டம் கொதிக்குதே!"

திரை வாழைத்தோப்பு மாதிரிப் பச்சையாக இருந்தது.

"ஜீ... அது பச்சையில்லா?" என்றாள் பிரேமா மெதுவாக.

"உங்க ஊனக்கண்ணுக்குப் பச்சை. ஞானக்கண்ணுக்குச் சிவப்பு!"

இதற்குமேல் என்ன சொல்ல? நாலு பேர் தங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். ஒருவர், "ஆமா, ஓரத்தில லேசாச் சிவக்குது," என்றே சொல்லிவிட்டார். முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நீது தாசையனைப் பார்த்தாள். தாசையன் கதவைப் பார்த்தார். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் குழந்தைகளுக்குப் போகிற மருந்து இதே பச்சையைப் பார்த்துத்தான் போகும். பெட்டி ஒட்டுகிற மேஜைக்குப் போனார். அனுப்புகிற பெட்டிக்குப் பச்சை டேப், திரும்பி வந்ததற்குச் சிவப்பு டேப். இரண்டிலும் ஆறாறு துண்டு நீதுவை வெட்டச் சொல்லி, தட்டில் கலந்துகொண்டு வந்தார்.

"ஜீ, ஞானக்கண்ணு வேண்டாம். சாதாக் கண்ணு போதும். பச்சையைத் தனியா எடுத்துத் தாங்க."

ஜீ தட்டைப் பார்த்தார். ஒன்றை அமுக்கிக்கூடப் பார்த்தார். டேப் பழுக்குமா? சாம்பிராணிப் புகையிலும் அவர் நெற்றியில் வியர்வை தெரிந்தது. "ராகுகாலத்தில பரீட்சை கூடாது," என்றார்.

"ராகுகாலம் இனி பத்தரைக்கு அல்லே? மணி ஒன்பதே ஆகல," என்றாள் நீது.

ஜீ துணிந்து ஆறு துண்டைப் பொறுக்கி முதலாளி கையில் வைத்தார். நாலு சிவப்பு, ரெண்டு பச்சை.

"என்னவே இது?" முதலாளியின் குரல் இறங்கிவிட்டது.

"அவருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது, முதலாளி. பேரை வாசிச்சுட்டுத்தான் இத்தன நாளும் நிறம் சொல்லியிருக்காரு," என்றார் தாசையன். "எனக்கெப்படித் தெரியும்னு கேளுங்க. எனக்கும் தெரியாது. கறுப்புத் திரை இருந்தவரைக்கும் பெருக்கல் குறியைப் பாத்துச் சரியா அனுப்பினேன். பச்சை வந்துச்சு, குப்பி மாறிப்போச்சு."

எல்லோரும் தாசையன் பக்கம் திரும்பினார்கள். அந்தச் சமயம் பார்த்து ஜீ படியிறங்கிவிட்டார். வெள்ளைச் செருப்பில் ஒன்று மட்டும் வாசலில் தங்கிவிட்டது.

"பதினெட்டு வருஷம். ஏன்வே சொல்லல?"

"சொன்னா வச்சிருப்பீங்களா?"

பகவதிப்பெருமாள் நீது பக்கம் திரும்பினார். கையிலிருந்த ஆறு துண்டையும் மேஜையில் வைத்தார். "மோளே, அந்தக் கறுப்பை இவருக்குத் திருப்பிப் போடு. எல்லாத் திரைக்குமே போட்டுடு."

"எல்லாருக்கும் எதுக்கு சார்? அவங்கவங்க கண்ணுக்கு எது தெளிவா இருக்கோ, அது. பெருக்கல் குறியை மட்டும் எல்லாத் தீமிலயும் சேர்த்துடறேன்."

பிரேமாவுக்கு மனசு ஆறவில்லை. "அப்போ அஸ்வதிக்கு எந்த நிறம்தான் சேரும்?"

"அஸ்வதிக்குக் கண்ணாடி பவர் கூடியிருக்கு அக்கா. எழுத்தைப் பெரிசாக்கித் தர்றேன்."

சிவப்பும் பச்சையும் பிரியாதவர்கள் அந்த ஆபீசில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் அதை மறைத்துப் பணம் பார்த்தார். இன்னொருவர் அதைச் சொல்லி மருந்தைக் காப்பாற்றினார். மீதிப் பதினொரு பேருக்கு ஏழு நிறமும் துல்லியமாகத் தெரியும். பச்சையைச் சிவப்பு என்று ஒருவன் சொன்னதும் அவர்களில் நாலு பேர் கசக்கிக்கொண்டது தங்கள் கண்ணைத்தான். கண்ணில் கோளாறு இல்லை ஐயா. அதற்கு நாலு விரற்கடை மேலே ஒன்று இருக்கிறது. அதற்குத் தீம் மாற்ற வேண்டாம், ஆன் செய்தால் போதும்.