கேமராவுக்கு டிரைவர் இல்லை

ஞாயிற்றுக்கிழமை ஒரு துரும்பைக்கூடத் தூக்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

காரணம் என் மச்சான். மனைவியின் அண்ணன். வீடு மாறுவது அவருக்குப் பொழுதுபோக்கு. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், அதுவும் உச்சி மாடியில் வீடு பிடிப்பது அவருடைய தனித் திறமை. அவரிடம் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. அதைத் தூக்கும் உரிமை குடும்பத்தில் எனக்கு மட்டும்தான். போன தடவை தூக்கியதில் என் இடுப்பு இன்னும் அவருடைய பழைய விலாசத்திலேயே தங்கிவிட்டது.

இந்தத் தடவை மூளையைப் பயன்படுத்தினேன். என் மனைவி வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் கணக்கு வகுப்பு எடுக்கிறாள். கேமரா இல்லாமல் வகுப்பு இல்லை. சனிக்கிழமை அவள் துணி காயப்போடும் நேரத்தில், கம்ப்யூட்டரில் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்தேன். ஐகானும் கிடையாது, அழகும் கிடையாது. கட்டளையைத் தட்டினால் கேள்வி கேட்காமல் செய்யும். இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான். கேமராவை ‘டிஸேபிள்’ செய் என்று ஒரு வரி தட்டினேன். கேமரா கண்ணை மூடிக்கொண்டது.

சாயங்காலம் கூப்பிட்டாள்.

"ஏங்க, கேமரா வேலை செய்யல."

முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு பார்த்தேன். "டிரைவர் போயிடுச்சு."

"போயிட்டாரா? எங்க?"

"வண்டி ஓட்டுற டிரைவர் இல்லம்மா. கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல நின்னு, இது சொல்றத அதுக்குப் புரிய வைக்கிற டிரைவர்."

"எங்கம்மாவுக்கும் உங்களுக்கும் நடுவுல நான் நிக்கிற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"நான் இல்லேன்னா ரெண்டு பேருக்கும் பேச்சே இருக்காதே."

"இருக்காது."

"உங்களுக்கு நிம்மதியாத்தான் இருக்கும். சரி, எப்ப சரியாகும்?"

"நாளைக்குப் பூரா உக்காரணும்."

"நாளைக்கு அண்ணன் வீடு மாத்துறாரே."

பெருமூச்சு ஒன்றை நீளமாக விட்டேன். "எனக்கும் வரணும்னுதான் ஆசை. ஆனா திங்கக்கிழமை உன் வகுப்பு?"

கொஞ்சம் யோசித்தாள். "வகுப்புதான் முக்கியம். நீங்க இருங்க." எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

மறுநாள் காலையில், வேலை நடக்கிற தோரணைக்காகக் கறுப்புத் திரையைத் திறந்தே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மெயில் பாத்தேன்" என்றாள். "நான் கிளம்புறேன். ரொம்ப உழைக்காதீங்க."

அந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே நிறைவேற்றினேன். நாற்காலியைச் சாய்த்தேன். காலை மேசை மேல் போட்டேன். பிஸ்கட் டப்பா வயிற்றின் மேல் உட்கார்ந்தது. நான் தூங்கிப் போனேன்.

போன் எழுப்பியது. அவள்தான்.

"எப்படிப் போகுது?"

"உயிர வாங்குது. கண்ணு எரியுது. இமைக்கக்கூட நேரமில்ல."

"பாவம். வாயோரம் பிஸ்கட் தூள் ஒட்டியிருக்கு, தொடச்சுக்கங்க. அப்படியே காலையும் மேசையில இருந்து எறக்கிடுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். கேமராவின் பக்கத்தில் குட்டி விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க குளிக்கப் போனப்ப மேல்பக்க அம்புக்குறி பட்டனை அமுக்கினேன்" என்றாள் நிதானமாக. "கடைசியா நீங்க என்ன தட்டினீங்களோ, அது அப்படியே வந்து நின்னுச்சு. ‘டிஸேபிள்’ன்னு இருந்தத ‘எனேபிள்’னு மாத்தித் தட்டினேன். டிரைவர் சமத்தா வேலைக்கு வந்துட்டாரு. அப்புறம் அண்ணனுக்கு ஒரு வீடியோ கால் போட்டு, நாங்க பேசுறது உங்களுக்குக் கேக்காம ஸ்பீக்கரை மட்டும் நிறுத்தி, ஜன்னலச் சுருக்கி வச்சுட்டுக் கிளம்பினேன்."

"அப்ப... அங்க யார் யார் பாத்தாங்க?"

"அண்ணன், அண்ணி, சாமான் ஏத்த வந்த ஆளுங்க. நீங்க குறட்டை விட்டப்ப லாரிக்காரர் கூட வண்டிய நிறுத்திட்டு வந்து பாத்துட்டுப் போனாரு. மைக்கை நான் நிறுத்தல, சத்தம் எங்களுக்கு நல்லாவே கேட்டுச்சு."

காலை மேசையிலிருந்து இறக்கினேன். அதற்குள் மச்சான் போனை வாங்கிவிட்டார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நல்லாத் தூங்கினீங்களா மாப்பிள்ளை? தெம்பா வாங்க. மத்த சாமானெல்லாம் ஏத்தியாச்சு. பீரோ சாவிதான் தொலைஞ்சு போச்சு, உள்ள இருக்கறதோட சேத்துத் தூக்கிடலாம்."