முந்தானையை வெட்டியது யார்?

அடுத்த வீட்டுப் பிள்ளை விரல் சூப்பினால் வளர்ப்பு சரியில்லை. நம் வீட்டுப் பிள்ளை சூப்பினால், பாவம், பசி. இந்த ஞானம் எனக்கு இன்று இருக்கிறது. நந்தினி ஐந்தாம் வகுப்பு படித்தபோது இல்லை.

நந்தினி, பக்கத்து வீட்டுச் செல்வியின் மகள். செல்வியும் நானும் பழவேற்காட்டில் ஒன்றாக மீன் எடுத்து, ஒரே ஷேர் ஆட்டோவில் பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்பவர்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் என் கூடையையும் அவளே விற்றுக் கொடுப்பாள். அப்படிப்பட்டவளின் மகள், பத்து வயதில், ஒரு கந்தல் துணியை மூக்கில் தேய்த்துக்கொண்டே கட்டைவிரல் சூப்புவாள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னா செல்வி, பொண்ணு நாளைக்கு மணவறைலயும் இப்டியேதான் குந்துமா?"

"அவளா வுட்டுடுவா அக்கா. அதுக்கு இன்னா அவசரம்?"

இப்படிச் சிரித்துக்கொண்டே சொன்னால் கோபம் வராதா? எனக்கு வந்தது. (எனக்கு எதற்குத்தான் வராது என்று நீங்கள் என் வீட்டில் கேட்கக் கூடாது.)

அந்தச் சமயத்தில்தான் கொடியில் காய்ந்த என் பச்சைப் புடவையில் முந்தானை மூலை காணாமல் போயிற்று. எலி என்று நினைத்தேன். அடுத்து ஊதாப் புடவையிலும் போயிற்று. இரண்டுமே துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன புடவைகள். வெட்டு நேராக இருந்தது. எந்த எலி கத்தரிக்கோல் வைத்திருக்கிறது?

என் சந்தேகம் நேராக நந்தினியின் மூக்குக்குப் போய் நின்றது. அவள் துணிக்கு நிறம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனாலும் உற்றுப் பார்க்கப் பார்க்க எனக்குப் பச்சையாகத் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தால், 'பாரு, நடிப்பு' என்று நினைத்தேன். சிரிக்காமல் போனால், 'பாரு, குற்ற உணர்ச்சி' என்று நினைத்தேன். ஒருநாள் வறுத்த மீனைக் கையில் கொடுத்து விசாரணையே நடத்தினேன்.

"எங்கேந்துடி வந்துச்சு இந்தத் துணி?"

"ஆஸ்பத்திரிலேந்து அத்தை."

பிறந்தபோது சுற்றிக்கொண்டு வந்த துணி என்கிறாள் குழந்தை. எனக்கோ, ஆஸ்பத்திரியிலும் கைவரிசையைக் காட்டியிருக்கிறாளே என்றுதான் பட்டது.

என் கணவரிடம் சொன்னேன். படகில் சுக்கான் பிடிக்கிறவர். மீசையும் குரலும் ஊரறிந்தவை. "எலியா இருக்கும், வுடு," என்று சொல்லி ஒரு சொம்புத் தண்ணீரையும் மடமடவென்று குடித்தார். எத்தனை இளகிய மனசு என்று உருகிப் போனேன்.

மூன்றாவது புடவையிலும் மூலை போனபோது நான் பொறுக்கவில்லை. மீன் ஏலம் நடக்கும் இடத்தில், அத்தனை பேர் நடுவில், செல்வியிடம் கத்தினேன்.

"வளக்கத் தெரியாம வளத்து இப்ப திருடவும் வுட்டுட்டியா? வா கோயிலுக்கு! ஒம் பொண்ணு கற்பூரத்த அணைக்கட்டும்!"

எங்கள் குப்பத்தில் இது விளையாட்டுப் பேச்சில்லை. எரிகிற கற்பூரத்தை அம்மன் முன்னால் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்த வீட்டுப் படகு கரை திரும்பாது என்று நம்புகிறவர்கள் நாங்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. சண்டை வேகத்தில் அதை மறந்துவிட்டேன். குற்றம் சொல்கிற வீட்டு ஆம்பிளைதான் முதலில் அணைக்க வேண்டும், பொருளைத் தன் வீட்டார் எடுக்கவில்லை என்று.

வெள்ளிக்கிழமை கோயிலில் ஊரே கூடிவிட்டது. செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. நந்தினி வெறுங்கையோடு நின்றாள். துணி இல்லை, விரலும் வாயில் இல்லை. சத்தமே வராமல் அழுதுகொண்டிருந்தாள். தப்பு செய்கிறோமோ என்று எனக்கு அப்போதே திக்கென்றது. ஆனால் வீம்பு விடவில்லை.

"முருகேசா, நீ மொதல்ல வா," என்றார் ஊர்த் தலைவர்.

என் கணவர் கற்பூரத்தையே பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பிறகு நந்தினியைப் பார்த்தார்.

"தலைவரே, அந்தப் புள்ளைய வுடுங்க. பொடவைய வெட்னது நான்தான்."

"இன்ஜின் தொடைக்கவாடா?"

தலைவர் நல்ல மனுஷன், தப்பிக்க வழி காட்டினார். 'ஆமாம்' என்றிருந்தால் என் மானம் பிழைத்திருக்கும். ஆனால் எதிரே கற்பூரம் எரிகிறதே!

"இல்ல தலைவரே. வலைய வுட்டுட்டு படகுல கொஞ்சம் தல சாய்க்கலாம்னா தூக்கமே வரமாட்டுது. இவ பொடவ மூஞ்சில பட்டாத்தான் வருது."

 அதே படகில் வேலை செய்யும் என் கொழுந்தன், "அட, அதான் அந்தத் துணியத் தொட்டா கைய ஒடச்சிடுவேன்னியா அண்ணே!" என்று கூவினான். அதற்குப் பிறகு சிரிப்பு அடங்குவதற்குள் கற்பூரம் தானாகவே அணைந்துவிட்டது.

எனக்கு அழுகையாக வந்தது. நந்தினியின் முன்னால் உட்கார்ந்து, "அத்தைய மன்னிச்சிடு கண்ணு," என்றேன். அவள் ஈர முகத்தோடு என்னைத் தாண்டி என் கணவரிடம் போனாள்.

"மாமா, துணிய மாத்திக்கினே இருக்கக் கூடாது. ஒண்ணையே வெச்சிக்கோ. தொவைக்க மட்டும் குடுத்துடாத, வாசனை பூடும்."

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

செல்வி வெகுநாள் என்னோடு பேசவில்லை. வேறு ஆட்டோவில் போனாள். காய்ச்சல் வந்தபோது என் கூடையை நானே சுமந்தேன். ஒருநாள் காலையில் தானாக வந்து, "தள்ளி குந்து," என்று என் பக்கத்தில் ஏறினாள்.  எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நந்தினி அந்தத் துணியை எப்போது விட்டாள் என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கும் ஞாபகம் இல்லை. இப்போது கல்லூரிக்குப் போகிறாள். போன தீபாவளிக்கு எனக்குப் புடவை எடுக்க அவளும் கடைக்கு வந்தாள். ஜாக்கெட் துணியைத் தனியாக வெட்டித் தரட்டுமா என்று கடைக்காரப் பையன் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் நந்தினி முந்திக்கொண்டாள்.

"வெட்டாதீங்கண்ணா. அதெல்லாம் எங்க மாமா பாத்துப்பாரு."